மலையேற எதுக்கு ரெண்டு கிலோ பூட்ஸ்?

காலேஜில் நாலு பேர் சேர்ந்து மலையேறக் கிளம்பலாம் என்று முடிவெடுத்த அடுத்த நிமிடம், எங்கிருந்தோ ஒரு பட்டியல் வந்து குதிக்கும். தண்ணீர் பாட்டில், டார்ச், மழைக்கோட்டு, குளுக்கோஸ்... எல்லாம் நியாயமான சங்கதிகள். நடுவில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: கணுக்காலுக்கு மேல் ஏறும் ட்ரெக்கிங் பூட்ஸ் கட்டாயம். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "கணுக்காலுக்கு சப்போர்ட் வேணும்ல மச்சி" என்பதைத் தாண்டி இன்னொரு பதில் வராது.

இந்த ஒரு வரி செய்கிற வேலை சின்னதல்ல. மெஸ் பில் கட்டவே வீட்டுக்கு நாலு தடவை போன் போடுகிற பையன் ஐயாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு எங்கே போவான்? ஒன்று கடன் வாங்கி பூட்ஸ் வாங்குவான், அல்லது "அன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்குடா" என்று ஒதுங்கிக்கொள்வான். பெண்கள் பாடு இன்னும் மோசம். சின்ன ஊர்க் கடைகளில் அவர்கள் அளவில் அந்த பூட்ஸ் கிடைப்பதே அபூர்வம். ஆண்கள் பூட்ஸை வாங்கி, ரெண்டு சாக்ஸ் மாட்டி, உள்ளே கால் லொடலொடவென்று ஆட நடந்து, இறங்கி வரும்போது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் வருவார்கள். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதா என்று பழமொழி கேட்கிறது. வெட்டத்தான் வேண்டும் என்கிறது பட்டியல்.

இவ்வளவு பாடும் எதற்காக? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நாள் நடை, முதுகில் ஐந்தாறு கிலோ பை. இதற்கு அந்த பூட்ஸ் தேவையே இல்லை. தேவையில்லை என்பதோடு விட்டால் பரவாயில்லை, பல இடங்களில் கெடுதலும்கூட.

உடனே ஒருவர் எழுந்து, "முன்னாடி போற கைடு ரப்பர் செருப்புதானே போட்டிருக்கார், வெள்ளியங்கிரியில ஜனங்க வெறுங்காலோடதானே ஏறுறாங்க" என்பார். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இது வாதம் ஆகாது. அந்தக் கைடின் பாதம் ஐந்து வயதிலிருந்து கல்லிலும் முள்ளிலும் நடந்து பழகியது. ஏசி பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிற பாதம் அதுவல்ல. அவரைப் பார்த்து செருப்போடு கிளம்பினால் இரண்டாவது ஓடையிலேயே வார் அறுந்துவிடும். அவரிடமிருந்து கற்க வேண்டியது வேறு. அவர் காலில் எடை இல்லை, கால் வளைகிறது, கல்லைத் தொட்டு உணர்கிறது. இந்த மூன்றையும் தருகிற ஷூ கடையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது, அதுவும் பூட்ஸில் பாதி விலைக்கு.

முதலில் இந்த பூட்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அதன் சொந்த ஊர் ஆல்ப்ஸ் மலை. ஒரு காலத்தில் அங்கே மலையேறுகிறவர்கள் அடியில் ஆணி அடித்த கனமான தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அடிவாரம் வரை போவார்கள். செங்குத்துப் பாறை வந்ததும் அதைக் கழற்றிவிட்டு மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவுக்கு மாறுவார்கள். 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புயலில் சிக்கி ஆறு பேர் இறந்துபோனார்கள். அந்தக் குளிருக்கும் பனிக்கும் அவர்கள் காலில் இருந்தது போதவில்லை. உடன் போயிருந்த விட்டாலே பிராமானி என்பவர் அதன் பிறகு பாறைக்கும் பனிக்கும் சேர்த்துப் பயன்படுகிற ரப்பர் அடிப்பாகம் ஒன்றைச் செய்து, 1937-ல் காப்புரிமை வாங்கினார். பீரங்கி வண்டிச் சக்கரப் பட்டை போலப் பல் பல்லாக இருக்கும். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி எடுத்ததுதான் 'விப்ரம்'. 1954-ல் இத்தாலியர்கள் முதல் தடவையாக கே2 உச்சியைத் தொட்டபோது அவர்கள் காலில் இருந்தது அதுதான்.

அந்த வகை பூட்ஸ் எல்லாமே காரணத்தோடு பிறந்தவை. பனிக்கட்டியில் உதைத்துப் படி செய்ய விறைப்பான முன்பகுதி வேண்டும். இரும்பு முள்சட்டம் மாட்ட வளையாத அடிப்பாகம் வேண்டும். விரல் உறைந்து போகாமலிருக்கத் தடித்த தோல் வேண்டும். சரி, மேகமலையில் எங்கே இருக்கிறது பனிக்கட்டி? உறைபனி விழுகிற ஊட்டியில்கூட முள்சட்டம் மாட்டி யாரும் நடக்கப் போவதில்லை. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மெரினாவில் சுண்டல் தின்பவரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. காலில் அதையே செய்கிறவரை மட்டும் 'சீரியஸ் ட்ரெக்கர்' என்று பாராட்டுகிறார்கள் :-)

அடுத்தது எடை. காலில் ஒரு பவுண்டு, முதுகில் ஐந்து பவுண்டுக்குச் சமம் என்று மலையேறிகளிடம் ஒரு பேச்சு உண்டு. வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ள முடியாது. 1969-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் சூல், கோல்ட்மன் இருவரும் ஆட்களின் தலையிலும் கையிலும் காலிலும் எடையை ஏற்றி நடக்கவைத்து, எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்கள். தலையில் வைத்த எடைக்கு, அதே அளவு உடல் எடையைச் சுமப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 1.2 மடங்கு. காலில் கட்டிய எடைக்கோ, நடை வேகத்தைப் பொறுத்து 4.2-லிருந்து 6.3 மடங்கு வரை போனது. 1986-ல் லெக், மஹந்தி என்ற இருவர் கனமான பூட்ஸை வைத்தே சோதித்துப் பார்த்து, முதுகில் சுமப்பதைவிட 6.4 மடங்கு என்று எழுதினார்கள். சித்தாள் அக்கா தலையில் செங்கல் வைத்து மாடி ஏறுகிறாரே தவிர காலில் கட்டிக்கொண்டு ஏறுவதில்லை. அவருக்கு யாரும் ஆய்வறிக்கை அனுப்பவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தோல் பூட்ஸ் ஜோடி ஒன்று 1,600 கிராம் என்று வையுங்கள் (ஓடையில் நனைந்தால் ரெண்டு கிலோவைத் தொடும்). லேசான ட்ரெயில் ஷூ ஜோடி 600 கிராம். ஒரு காலுக்கு அரைக் கிலோ வித்தியாசம். ஏறி இறங்க 12 கிலோமீட்டர், அடிக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 20,000 அடிகள். ஒவ்வொரு அடியிலும் அரைக் கிலோவைக் கூடுதலாகத் தூக்கி வைக்க வேண்டும். மொத்தம் பத்து டன். ஒரு லாரி லோடு! பையில் எடை குறைக்கிறேன் என்று சீப்பைப் பாதியாக உடைக்கிற ஆட்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

களைப்பு வெறும் களைப்போடு நிற்பதில்லை. கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போது, மாலையில், தொடை நடுங்க ஆரம்பித்த பிறகு. காலைத் தூக்கி வைக்க வேண்டிய இடத்தில் இழுத்து வைப்பார்கள், வேரில் நுனி தட்டும், அவ்வளவுதான். கணுக்காலைக் காப்பாற்ற வாங்கிய பொருளே கணுக்கால் பிசகுகிற நேரத்தைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுகிறது.

இப்போது அந்த 'சப்போர்ட்' விஷயம். கணுக்காலைச் சுற்றி உயரமாக ஏதோ ஒன்று இருந்தால் அது பிசகாது என்பது பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். 1993-ல் இதைக் கூடைப்பந்தில் சோதித்தார்கள். கல்லூரிப் போட்டிகளில் ஆடும் 622 பேரை மூன்று கூட்டமாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உயரமான ஷூ, இன்னொன்றுக்குத் தாழ்வான ஷூ, மூன்றாவதற்குக் காற்றடைத்த அறைகள் கொண்ட உயரமான ஷூ. ஒரு சீசன் முழுக்க ஆடியபின் எண்ணிப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் இடையே சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் இல்லை. கூடைப்பந்து மைதானம் மலையில்லை என்று யாராவது சொன்னால் அது சரியான மறுப்புதான். ஆனால் மலையில் உயரமான பூட்ஸ் காக்கிறது என்பதற்கு அவர்கள் கையில் இருப்பது என்ன? கடை விளம்பரமும் கூட வந்த அண்ணனின் அனுபவமும்தானே.

பிசகல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்தாலே புரியும். சாய்வான கல் ஒன்றின் விளிம்பில் பாதத்தின் வெளிப்பக்கம் படுகிறது. அடிப்பாகம் மெல்லியதாக, வளைவதாக இருந்தால் அது கல்லின் மேல் மடங்கி உட்காரும். கல் இருக்கிறது என்ற சேதி உடனே பாதத்துக்குப் போய், கணுக்காலின் வெளிப்பக்கத் தசை சுதாரித்து இழுத்துப் பிடிக்கும். அதே இடத்தில் நாலு சென்டிமீட்டர் தடிப்பில் பலகை மாதிரி ஒரு அடிப்பாகம் இருந்தால்? பலகை மொத்தமாகச் சாயும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு வேகமாகச் சாயும். சேதியும் தாமதமாகத்தான் வரும். முக்காலி மேல் நிற்பவனும் தரையில் நிற்பவனும் ஒரே மாதிரி விழுவதில்லை.

ஏற்கெனவே பிசகி, தசைநார் தளர்ந்துபோனவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் கட்டு போல இறுக்கிக் கட்டுகிற பிரேஸ் உண்மையிலேயே உதவுகிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்கிற பயிற்சியும் உதவுகிறது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பல் தேய்ப்பது அதில் ஒன்று. காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, அதை யாரும் பட்டியலில் போடுவதில்லை.

அடுத்து, தண்ணீர். 'வாட்டர் புரூஃப்' என்ற சொல்லுக்கு விழாத ஆளில்லை. வெளியிலிருந்து நீர் வராமல், உள்ளிருந்து ஆவி போகிற மாதிரியான சவ்வு ஒன்று உள்ளே தைத்திருக்கும். குளிர்ந்த, உலர்ந்த ஊரில் அது நன்றாக வேலை செய்யும். வால்பாறைப் பக்கம் ஜூலை மாதத்தில் காற்றே நனைந்திருக்கிறது, அங்கே ஆவி எங்கே போகும்? கால் வியர்வையிலேயே ஊறும். முழங்கால் ஆழ ஓடை ஒன்றைக் கடந்தால் மேல்வாய் வழியாக நீர் உள்ளே இறங்கும், வெளியே வர வழியிருக்காது, ஏனென்றால் அதுதான் வாட்டர் புரூஃப் ஆச்சே! நாள் முழுக்க ரெண்டு சின்னக் குளத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஊறிய தோலில்தான் கொப்புளம் வரும்.

இதை ராணுவமே பட்டுத்தான் கற்றது. வியட்நாம் காட்டில் அமெரிக்கச் சிப்பாய்களின் தோல் பூட்ஸ் ஊறி அழுகியபோது, மேலே நைலான் துணியும் அடியோரத்தில் நீர் வெளியேற ஓட்டைகளும் வைத்து 'ஜங்கிள் பூட்' கொடுத்தார்கள். அதாவது நீரைத் தடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, வந்த நீரை வெளியே அனுப்பும் வழியைப் பார்த்தார்கள். வலைத்துணி மேல்பாகம் கொண்ட ட்ரெயில் ஷூ செய்வதும் அதுதான். ஓடையில் நனையும், இருபது முப்பது அடி நடந்தால் பாதி நீர் பிழிந்து வெளியேறிவிடும், வெயில் இருந்தால் சீக்கிரமே காயும். ஷூ நனையக் கூடாது என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாசிப் பாறையில் வெறுங்காலோடு ஓடையைக் கடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வழுக்கி விழுவது அங்கேதான்.

பாதை என்ற ஒன்றே இல்லாத இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். (தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ நடந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழிகளைத் திறந்தது. அனுமதியோடு போங்கள்.) அனுமதித்த வழியிலும் பல இடங்களில் பாதை என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஓடைப் படுகையில் உருளைக்கல் மேல் தாவ வேண்டும், புல்மேட்டில் குறுக்காக நடக்க வேண்டும், ஈரச் சருகுக்கு அடியில் வேரா கல்லா என்று காலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கால் ஒரு கை மாதிரி வேலை செய்கிறது. கிரிக்கெட் கீப்பிங் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முடியுமா?

பிடிமானத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. பல் ஆழமாக இருந்தால் வழுக்காது என்பது அது. சேற்றுக்கும் தளர்ந்த மண்ணுக்கும் அது சரி. ஈரப் பாறையில் பல் எதையும் கடிப்பதில்லை. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மைதான். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று கெட்டியான ரப்பரில் செய்த பூட்ஸ் அடிப்பாகம் ஈரப் பாறையில் சோப்புக்கட்டி மாதிரி போகும். அதே நேரத்தில், தார் ரோட்டில் ஓடுகிற சாதாரண ரன்னிங் ஷூவும் உதவாது. அதன் அடியில் பாதி இடம் வெறும் நுரை, ஈரத்தில் வழுக்கும், கூர்க்கல் குத்தும். ஆகவே லேசான ஷூ என்றால் எதுவும் போதும் என்று அர்த்தமில்லை.

இதற்கு ஒரு அழகான உதாரணம் மலேசியாவில் இருக்கிறது. 'அடிடாஸ் கம்போங்' என்று அங்கே கேலியாகப் பெயர் வைத்த ஷூ. கம்போங் என்றால் கிராமம், அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாகச் செய்து, அடியில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வைத்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் காலுக்கு உரிய ஷூ அது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் வழிகாட்டிகள் அதைப் போட்டுக்கொண்டுதான் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகிறார்கள். காட்டு ஓட்டப் பந்தயங்களிலும் அதை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். லேசு, மென்மையான ரப்பர், நனைந்தால் கவலையில்லை, விலை மலிவு. நேபாளத்திலும் சுமை தூக்குகிறவர்கள் காலில் அதிகம் பார்ப்பது 'கோல்ட்ஸ்டார்' என்ற உள்ளூர் மலிவு ஷூதான். இந்த வேலைக்காரர்களின் தேர்வுக்குக் கடைக்காரரின் அறிவுரையைவிட எடை அதிகம். விழுந்தால் அன்றைய கூலி போய்விடுமே.

பழக்கப்பட்ட கால்கள் என்றுதானே மறுபடியும் சொல்வீர்கள்? அப்படியானால் எம்மா கேட்வுட் பாட்டியைச் சொல்ல வேண்டும். 1955-ல், 67 வயதில், பதினொரு பிள்ளை பெற்றவர், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை, சுமார் 3,300 கிலோமீட்டரை, தன்னந்தனியாக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, தோளில் அவரே தைத்த துணிப்பை. ஷூ கிழியக் கிழிய மாற்றிக்கொண்டார். 1957-ல் மறுபடியும் நடந்தார். 1992-ல் ரே ஜார்டின் என்பவர் பசிபிக் நெடும்பாதைக்கான கையேட்டில் பூட்ஸ் வேண்டாம், ஓட்ட ஷூ போதும் என்று எழுதியபோது பைத்தியக்காரன் என்றார்கள். இன்றைக்கு அந்தப் பாதைகளில் மாதக்கணக்கில் நடக்கிறவர்களில் பெரும்பாலோர் காலில் ட்ரெயில் ஷூதான்.

சரி, பாம்பு? பூட்ஸ் பக்கத்தில் இருக்கிற நேர்மையான வாதம் இது ஒன்றுதான். கண்ணாடி விரியன் கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும். தடித்த தோல் ஓரளவு தடுக்கும், மறுக்க முடியாது. ஆனால் கெண்டைக்காலை அது மூடுவதில்லை. இருட்டிய பிறகு புதர்க் காட்டில் வேலை செய்கிறவருக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் கம்பூட்டே சரி. பகலில் நடப்பவருக்குக் கையில் கம்பு, கால் வைக்கும் இடத்தில் கண், இருட்டும் முன் இறங்குவது, இருட்டிவிட்டால் டார்ச். அட்டைக்கு பூட்ஸ் தடையே இல்லை. லேஸ் துளை வழியாகவே போய்விடும். நெருக்கமான துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைச் சாக்ஸ்தான் அதற்கு மருந்து, அதை எந்த ஷூவோடும் போடலாம்.

லேசான ஷூ கூட்டத்திலும் கதை விட்டவர்கள் உண்டு. விரல் விரலாகப் பிரிந்த கையுறை மாதிரி ஷூவை 2005-ல் அதே விப்ரம் கம்பெனி கொண்டுவந்தது. காலுக்கு நல்லது, தசை வலுக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014-ல் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கம்பெனி வழக்கை முடித்தது. மெத்தை மாதிரி ஷூவில் இருபது வருஷம் இருந்த பாதத்தை ஒரே நாளில் காகிதம் போன்ற அடிப்பாகத்துக்கு மாற்றினால் எலும்பில் விரிசல்கூட வரலாம். லேசான ஷூ வாங்கினாலும் முதலில் ரெண்டு மூன்று வாரம் மைதானத்திலும் மண்ரோட்டிலும் நடந்து பழகியபின்தான் மலைக்குப் போக வேண்டும். இமயமலைப் பனியில் நடக்கப் போகிறவரும், முதுகில் இருபது கிலோவுக்கு மேல் சுமக்கப் போகிறவரும் பூட்ஸே வாங்கட்டும். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

வாங்குகிறவர் கடையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். சாயங்காலம் போங்கள், பாதம் அப்போதுதான் வீங்கி நிஜ அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் மட்டும் ஆடக் கூடாது. ஷூவைக் கையில் பிடித்து வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நட்ட நடுவில் இல்லை. அடி ரப்பரை நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பள்ளம் விழ வேண்டும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், நனைந்தால் காயாது. லேசான ஷூ சீக்கிரம் தேயும் என்பது உண்மை, சில நூறு கிலோமீட்டரில் பல் மழுங்கும். வருஷத்துக்கு மூன்று தடவை மலைக்குப் போகிற மாணவனுக்கு அதுவே பல வருஷம் வரும்.

சீனியர் யாராவது "என்கிட்ட பழைய பூட்ஸ் இருக்கு, எடுத்துக்கோ" என்று தூசி தட்டிக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். பல பூட்ஸ்களில் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பாலியூரித்தேன் என்ற நுரை இருக்கும். போடாமல் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரப்பதமே அதை உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டிருக்கும். சென்னை மாதிரி ஊரில் இன்னும் வேகமாக. வெளியே தோல் பளபளவென்று புதுசு போலவே இருக்கும். மலையில் ஐந்தாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் முதலை வாய் மாதிரி பிளந்து, மொத்தமாகக் கழன்று விழும். வாங்கும் முன் அந்த நுரையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு வாரமாகப் பழக்கிய சொந்த ஷூவிலேயே கிளம்புங்கள்.